வெளியே வராதீர்கள் என்கிறீர்கள். தளத்துக்குக் கீழே இருக்கிறவர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பங்குனி பிறந்ததிலிருந்து உங்கள் நாளிதழில் வாரத்துக்கு ரெண்டு தடவையாவது அந்தப் பெட்டிச் செய்தி வந்துவிடுகிறது. மதியம் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள், மோர் குடியுங்கள், பருத்தித் துணி உடுத்துங்கள், குடை பிடித்துப் போங்கள். நல்ல விஷயம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நான் 12 மணிக்கும் வெளியே போவதில்லை, 3 மணிக்கும் போவதில்லை. முக்கூடலில் என் வீட்டு நடு அறையில் சொளகை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறேன். 40 வருஷத்துக்கு மேலாக இதுதான் வேலை. வெயில்தான் என்னைத் தேடி வீட்டுக்குள் வருகிறது. வாசல் வழியாக இல்லை, தலைக்கு மேலே இருக்கிற தளம் வழியாக வருகிறது. அதைப் பற்றி ஒரு வரிகூட வரக் காணோமே என்றுதான் எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு பற்றிய பாகத்தில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.

பீடிக்காரர்களுக்கு வெயில் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ராத்திரி இலையைத் தண்ணீரில் நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைப்போம். விடிந்ததும் தகட்டை வைத்துக் கத்தரியால் அளவாக வெட்டி, வெட்டின இலையை ஈரத்துணியில் பொதிந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உருவிச் சுற்ற வேண்டும். பதமாக இருக்கிற இலை துணி மாதிரி வளைந்து கொடுக்கும். பதம் போன இலை, புகையிலைத் தூளை வைத்து உருட்டும்போதே நரம்போடு கீறிக்கொள்ளும். மார்கழியில் காலையில் பொதிந்த இலை சாயங்காலம் வரைக்கும் தாங்கும். சித்திரையில் 11 மணிக்கெல்லாம் ஓரம் சுருண்டு அப்பளம் மாதிரி ஆகிவிடும். சாயங்காலம் பீடி வாங்குகிற கடையில் பீடிக்கட்டை எடுத்துத் தட்டிப் பார்ப்பவருக்கு எங்கள் வீட்டுத் தளத்தைப் பற்றி என்ன தெரியும்? கீறின பீடியைக் கழித்துப்போடுவார். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். ஆயிரம் சுற்றுகிற நான் கத்திரி வெயிலில் எழுநூறு, எழுநூற்றைம்பதோடு எழுந்துவிடுவேன்.

ஃபேன் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போட்டால் சொளகில் இருக்கிற தூள் பறக்கும். கண்ணுக்குள் போகும், பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளைக்கு இருமல் வரும், தூள் குறைந்தால் அதற்கும் நாங்கள்தான் கணக்குச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற எந்த வீட்டிலும் பகலில் ஃபேன் ஓடாது. அப்படியே போட்டாலும் தளத்துக்கு ஒரு முழம் கீழே தொங்குகிற ஃபேன், தளத்து அனலைத்தான் வாரித் தலையில் கொட்டும்.

இதில் இன்னொன்று. மதியத்தைவிட மோசம் சாயங்காலம். என் தம்பி மகன் சிவில் டிப்ளமா படித்தவன், திருநெல்வேலியில் ஒரு கட்டட வேலையில் இருக்கிறான். அவன் சொன்னான்: "அத்த, 5 இஞ்ச் கான்கிரீட்டுல மேல அடிக்கிற வெயிலு கீழ வந்து சேர 3, 4 மணி நேரம் ஆகும்." உச்சி வெயில் 4, 5 மணிக்கு மேல்தான் அறைக்குள் இறங்குகிறது. அப்புறம் பகல் பூராவும் குடித்த சூட்டை ராத்திரி 10, 11 மணி வரை கக்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் ராத்திரி 9 மணிக்குக் கட்டில் மேல் ஏறி நின்று தளத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது. வெளியே தெருவில் நல்ல காற்று. எல்லாரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம், சொந்த வீட்டுக்குள் போகப் பயந்துகொண்டு. நீங்கள் போடுகிற 12 முதல் 3 கணக்கு தெருவுக்குச் சரி, தளத்துக்குச் சரிவராது.

எங்கள் பக்கம் சூரியன் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். சித்திரை விசுவுக்கு ஒன்றிரண்டு நாள் முன்னே மதியம் 12.20 வாக்கில் முற்றத்தில் உலக்கையை நட்டமாக நிறுத்தினால் நிழலே விழாது. சூரியன் சரியாகத் தலை உச்சியில் இருக்கும். ஆவணி நடுவில் இன்னொரு தடவை அப்படி வரும். இடைப்பட்ட நாலரை மாசமும் உச்சியை விட்டு ரொம்ப விலகாது. அதனால் நடுப்பகலில் சுவருக்கு அடிக்கிற வெயில் கொஞ்சம்தான், அத்தனையும் தளத்தின் மேல்தான் இறங்குகிறது. ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்தில் சாரல் என்று ஊரே பஸ் ஏறுகிறதே, அந்தச் சாரல் முக்கூடல் வரை வருவதில்லை. மலை மறைவில் இருக்கிற எங்களுக்குக் காற்று மட்டும்தான் வந்து சேரும், வெயில் குறையாது.

முன்னே எங்களுக்கு ஓட்டு வீடு. பனங்கை போட்டு நாட்டு ஓடு அடுக்கினது. அதுதான் சொர்க்கம் என்று கதை விடமாட்டேன். வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னே ஓடு பிரித்து மாற்ற வேண்டும், அந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பதே அபூர்வம். தேள் விழும். பூனை ஓடினால் ஓடு விலகும், மழை பெய்தால் நாலு மூலையிலும் பாத்திரம் வைக்க வேண்டும். என் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் "காரை வீடு இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆனாலும் சூட்டில் அந்த வீட்டை அடித்துக்கொள்ள முடியாது. சூடேறின காற்று ஓட்டு இடுக்கு வழியாக மேலே போய்விடும். ஓடு மெல்லிசு, பொழுது சாய்ந்ததும் அரை மணி நேரத்தில் ஆறிவிடும். அப்போது ராத்திரி வாசலில் படுத்ததெல்லாம் ஆசைக்குத்தான்.

2013-இல் நகையை அடகு வைத்து, சங்கத்தில் கடன் வாங்கி, அந்த இடத்திலேயே 20 அடிக்கு 20 அடி கான்கிரீட் வீடு போட்டோம். கம்பி விலை ஏறிப்போய், தளம் போட்ட அன்றைக்கே பணம் தீர்ந்துவிட்டது. மேலே செங்கல் ஜல்லி போட்டுத் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதிக்க வேண்டும் என்று முதலில் பேசியிருந்தோம். கொத்தனார், "தட்டோடெல்லாம் அப்புறம் பதிச்சுக்கிடலாம்க்கா, தளம் கல்லு மாதிரி இருக்கு" என்றார். என் அப்பாவும் கொத்தனார்தான். அப்போது அவருக்கு 80 வயசு, கோலை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார். "ஏளா, வெயில்ல வேலைக்குப் போறவன்கூடத் தலையில ஒரு துண்டு போட்டுக்கிட்டுப் போறான். தளத்தை மொட்டையா விட்டுட்டியே" என்றார். பாலைக் காய்ச்சிக் குடிபோய்விட்டோம். கொத்தனார் சொன்ன அந்த "அப்புறம்" 11 வருஷம் ஆகியும் வரவில்லை.

அப்பா அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவர் காலத்தில் தட்டட்டி போடுவது ஒரு திருவிழா மாதிரி. (மொட்டை மாடியை எங்கள் பக்கம் தட்டட்டி என்போம்.) எனக்கு 12 வயசு இருக்கும்போது கல்லிடைக்குறிச்சியில் ஒரு பெரிய வீட்டுக்குத் தளம் அடிக்க அம்மாவோடு போயிருக்கிறேன். உத்திரத்தின் மேல் நெருக்கமாகக் கட்டை போட்டு, அதன் மேல் சின்னச் செங்கலைச் சுண்ணாம்புக் காரையில் நட்டமாக நிறுத்திப் பரப்பியிருந்தார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் நீற்றின சுண்ணாம்பும் கலந்து 3, 4 அங்குலத்துக்குக் கொட்டுவார்கள். அதைத்தான் நாங்கள் அடிக்க வேண்டும். பெண்கள் வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்து, கையில் மரக்கட்டையோடு ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தட்டிக்கொண்டே நகர்வோம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீரை ஒருத்தி தெளித்துக்கொண்டே வருவாள். முதல் நாள் கட்டை தொப் தொப்பென்று அமுங்கும். ரெண்டாம் நாள் சத்தம் மாறும். மூன்று நாலு நாள் கழித்து, தட்டின கட்டை கையிலிருந்து எகிறித் திரும்பும், கணீரென்று கேட்கும். அப்போதுதான் அப்பா "போதும்" என்பார். அதன் மேல் தட்டோடு பதித்துச் சந்து பூசினால் வேலை முடிந்தது. கூலி என்ன வாங்கினேன் என்று ஞாபகம் இல்லை. விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்று புண்ணாகி, ஒரு வாரம் சோறு பிசைய முடியாமல் அம்மா ஊட்டிவிட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்தத் தளம் ஒரு முழம் கனம் இருக்குமோ என்னவோ, சித்திரை மாசம் நடுக்கூடத்தில் படுத்தால் போர்வை தேடலாம். அதற்குக் காரணம் கனம் மட்டும் இல்லை. ஜல்லிக்கும் சுண்ணாம்புக்கும் இடையில் நுண்ணிய துவாரங்கள் உண்டு, அதில் நிற்கிற காற்று சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. கான்கிரீட் இறுகின பொருள், சூடு சரசரவென்று இறங்கும். கான்கிரீட் தளம் போட்டாலும் மேலே இந்த ஜல்லியும் தட்டோடும் போட்டு முடிப்பதுதான் தமிழ்நாட்டில் வெகுகாலமாக இருந்த வழக்கம். இப்போது பணம் முடை என்றால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். கண்ணுக்குத் தெரியாத இடம் பாருங்கள். முன்வாசல் டைல்ஸ் யார் வீட்டிலும் வெட்டுப்படுவதில்லை.

சூடு ஆளை மட்டும் வாட்டினால் பரவாயில்லை என்று விட்டிருப்பேன். அது வீட்டையே தின்கிறது என்று எனக்குக் காட்டியது ஒரு பீடி இலை. தட்டட்டிக் கைப்பிடிச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு, நூல் கனத்துக்கு விட்டிருந்தது. ஒரு நாள் விடிகாலையில் வற்றல் காயப்போடப் போனவள், இடுப்பில் செருகியிருந்த இலைத் துண்டு ஒன்றை விளையாட்டாக அதற்குள் நுழைத்தேன். சுளுவாகப் போனது. வற்றல் எடுக்க மதியம் 2 மணிக்குப் போய் அதை உருவப் பார்த்தால் வரவில்லை. சுவர் அதைக் கவ்விப் பிடித்திருந்தது. மறுநாள் விடிகாலையில் தானாக வந்தது. நாலு நாள் இதையே செய்து பார்த்தேன். சுவர் மூச்சு விடுகிறது என்று வீட்டில் சொன்னதற்கு, எங்க வீட்டுக்காரர் "உனக்குத்தான் சூட்டுல மண்டை குழம்பிட்டு" என்றார்.

தம்பி மகன்தான் விளக்கினான். அநேகமாக எல்லாப் பொருளும் சூட்டில் நீளும். கான்கிரீட்டும் அதற்குள் இருக்கிற கம்பியும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நீளும், அதனால்தான் ரெண்டையும் சேர்த்து வார்க்க முடிகிறது. ஆனால் செங்கல் சுவர் அதில் பாதியளவுதான் நீளும். எங்கள் 20 அடித் தளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளுமாம். ஒரு நெல்மணியின் கனம். பகலில் அந்த நெல்மணி அளவுக்கு வெளியே தள்ளும், ராத்திரி உள்ளே இழுக்கும். கீழே இருக்கிற சுவர் கூட வராது. வருஷம் 365 நாளும் இந்த இழுபறி நடந்தால் தளமும் சுவரும் சேருகிற இடத்தில் படுக்கைவாட்டில் ஒரு கீறல் விடாமல் என்ன செய்யும்? உங்கள் வீட்டில் தளத்துக்கு ஒரு சாண் கீழே சுவரை நிமிர்ந்து பாருங்கள், அந்தக் கோடு இருக்கும். பூச்சு சரியில்லை என்று கொத்தனாரைத் திட்டியிருப்பீர்கள். நானும் திட்டியிருக்கிறேன்.

கோடையில் விடுகிற வெடிப்பு மழைக்காலத்தில்தான் வேலையைக் காட்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே. அந்த ரெண்டு நாளும் எங்கள் தளத்தில் நாலு இடத்தில் ஒழுகியது. உள்ளே போன தண்ணீர் கம்பியைத் தொட்டால் துருப்பிடிக்கும். துரு இரும்பைப் போல ரெண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும், இடம் இல்லாவிட்டால் காரையை உடைத்துத் தள்ளும். மூன்றாவது வீட்டில் அடுக்களைத் தளத்திலிருந்து ஒரு பலகை அளவுக்குக் காரை பெயர்ந்து நேராகக் குத்துப்போணிப் பாத்திரத்துக்குள் விழுந்தது. நல்லவேளை, பழைய சோற்றோடு போயிற்று. வெயிலும் மழையும் சேர்ந்து செய்கிற வேலை இது. நாம் மழையை மட்டும் குற்றம் சொல்கிறோம்.

என்னென்னவோ செய்து பார்த்தோம். சாயங்காலம் பத்துக் குடம் தண்ணீரைக் கொண்டுபோய்த் தளத்தில் ஊற்றினோம். சீறும், ஆவி எழும்பும், ரெண்டு மணி நேரம் நிம்மதி. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற ஊரில் அது கட்டுப்படியாகாது. காய்ந்த தளத்தில் திடீரென்று பச்சைத்தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு கூடும் என்று தம்பி மகனும் சத்தம் போட்டான். தென்னங்கீற்றுப் பந்தல் போட்டோம். அருமையாக இருந்தது, ஆனி பிறக்கும் வரைக்கும். அப்புறம் காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்வீட்டு மாட்டுத்தொழுவத்தில் போட்டது. பக்கத்து வீட்டில் ஒழுக்குக்கு என்று தட்டட்டி முழுக்கக் கறுப்புத் தார் ஷீட் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒழுக்கு நின்றது, வீடு அடுப்பானது. கறுப்பு சூட்டை இழுக்கும் என்று கறுப்புக் குடை பிடிக்கிற எவருக்கும் தெரியுமே, அந்த வேலைக்காரருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இப்போது சுண்ணாம்புக்கு வருகிறேன்.

2024 பங்குனியில் தம்பி மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். முதலில் வெடிப்புகளைச் சுரண்டி அடைத்தான். இது முக்கியம், சுண்ணாம்பு வெடிப்பை அடைக்காது. அப்புறம் 10 கிலோ கல் சுண்ணாம்பு வாங்கிப் பழைய இரும்பு டிரம்மில் நீற்றினோம். தண்ணீரில்தான் கல்லைப் போட வேண்டும், கல்லின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, தெறிக்கும். கொதிக்கிற சோற்றுப்பானை மாதிரி டிரம் பொங்கும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது, கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். ஒரு ராத்திரி ஆறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, ஒரு சொம்பு சோற்றுக்கஞ்சியும் ஒரு கை உப்பும் போட்டுக் கலக்கினோம். கஞ்சி இல்லாவிட்டால் உதிரும் என்பது அப்பா சொன்னது. அதோடு ஒரு டப்பா பசையும் ஊற்றியது அவன் யோசனை. தளத்தைப் பெருக்கிக் கழுவி, ஈரம் காயும் முன்னே வெயில் தாழ்ந்த நேரத்தில் ரெண்டு பூச்சு. வெள்ளைப் பரப்பு வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும், பாசி படிந்து கறுத்த சிமெண்ட் முக்கால் பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றான். நான் பெரிதாக நம்பவில்லை.

என் கணக்குப் பிசகினது நல்லதாகப் போயிற்று. 10 கிலோ பாதித் தளத்துக்குத்தான் காணும் என்று தெரியாது. தெருப்பக்கம் பாதி வெள்ளை, கொல்லைப்பக்கம் பாதி மொட்டை. அவனுக்கு அடுத்த ஞாயிறுதான் லீவு. அதனால் ஒரு வாரம் வீடு அப்படியே நின்றது. மறுநாள் மதியம் 2 மணிக்கு வெறுங்காலோடு மேலே போனேன். கொல்லைப்பக்கம் அஞ்சு எண்ணுவதற்குள் காலைத் தூக்கிவிட்டேன். தெருப்பக்கம் நின்றுகொண்டு எதிர்வீட்டுக்காரியோடு தண்ணி லாரி பற்றிப் பேசி முடித்தேன்.

அதைவிட என்னை நம்ப வைத்தவர் என் மாமியார். 84 வயசு, பார்வை நல்லா மங்கிவிட்டது. மேலே நாங்கள் என்ன செய்தோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் பாதி காதில் விழாது. புறவாசல் பக்கம் காற்று வரும் என்று கொல்லைப்பக்க மூலையில்தான் 11 வருஷமாக அவர் பாய். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் கடைக்குப் பீடியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், கோரைப்பாயைத் தானே இழுத்துக்கொண்டு தெருப்பக்கத்துச் சுவரோரம் வந்து படுத்திருக்கிறார். "என்ன அத்த, இங்க வந்துட்டிய?" என்று கேட்டேன். "அங்க காந்துது. இங்க என்னமோ நல்லா இருக்கு. நீ உன் சொளவை எடுத்துக்கிட்டு அங்கிட்டுப் போ" என்றார். மீதிப் பாதிக்கும் சுண்ணாம்பு அடிக்கும் வரை அவரை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை.

வீடு ஊட்டியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். வேர்க்கிறது, சித்திரை சித்திரைதான். ஆனால் ராத்திரி 9 மணிக்கே உள்ளே படுக்க முடிகிறது. இலை 11 மணிக்குச் சுருண்டது இப்போது 1 மணி வரை தாங்குகிறது. போன கோடையில் பெரும்பாலான நாள் ஆயிரத்தைத் தொட்டேன். கைப்பிடிச் சுவர் உட்பக்கமும் வெள்ளை அடித்தாயிற்று, அதற்குப் பிறகு மதியத்தில் இலையை அவ்வளவு இறுகக் கவ்வுவதில்லை. தொல்லையும் உண்டு. மாடி வீட்டுக்காரர்கள் கண் கூசுகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். ஜன்னலுக்கு ஒரு திரை வாங்கிக் கொடுத்துச் சமாதானம் ஆனோம். காயப்போட்ட சேலையில் வெள்ளை ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முக்கால்வாசி கழுவிக்கொண்டு போய்விடும், வருஷா வருஷம் பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும். கம்பெனிப் பெயிண்ட் அடித்தால் சில வருஷம் வருமாம், அதன் விலைக்கு நான் எத்தனை ஆயிரம் பீடி சுற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டதும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் கேட்க வந்தது இதுதான். அரசாங்கம் ஏழைகளுக்கு வீடு கட்டப் பணம் தருகிறது, அதில் குறை இல்லை. கடைக்கால், லிண்டல், தளம், பூச்சு என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, போட்டோ எடுத்துத்தான் தவணை விடுகிறார்கள். தளத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒரு போட்டோ சேர்த்துக்கொள்ளட்டும். தட்டோடு பதிக்க முடிந்தால் தட்டோடு, முடியாவிட்டால் ஒரு டிரம் சுண்ணாம்பாவது. ஏற்கெனவே கட்டி மொட்டையாகக் கிடக்கிற தளங்களுக்குப் பங்குனி பிறந்ததும் ஊருக்கு இத்தனை மூட்டை சுண்ணாம்பு என்று கொடுக்கலாம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று சொல்லியிருக்கிறது. செத்த பிறகு 4 லட்சம் கொடுக்க மனசு இருக்கிறவர்களுக்கு, இருக்கும்போது 20 கிலோ சுண்ணாம்பு கொடுப்பது பெரிய காரியமா? எங்களுக்குப் பீடி இலை வருகிற தெலங்கானாவில் 2023-லேயே குளிர் கூரைக்கென்று, அதாவது வெயிலைத் திருப்பி அனுப்புகிற கூரைக்கென்று, ஒரு கொள்கையே கொண்டுவந்துவிட்டார்கள். இலையோடு அதுவும் சேர்ந்து லாரியில் வந்திருக்கக் கூடாதா?

எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: 1966-இல் வந்து 2025 வரை நடப்பில் இருந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தில் வேலை நடக்கிற கட்டடத்தில் வெளிச்சம், காற்றோட்டம், வெப்பநிலை எல்லாம் விதிப்படி இருக்க வேண்டும் என்று எழுதியிருந்ததாம். நான் எழுந்து, எங்கள் வீட்டுக்கு அது பொருந்தியதா என்று கேட்டேன். குடியிருக்கிற வீட்டை அந்தச் சட்டம் தொழிற்கூடமாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார். முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம் பக்கமெல்லாம் நடு அறைதான் தொழிற்கூடம். வாடகை இல்லை, கரண்ட் பில் இல்லை, தளத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற செலவும் இல்லை. வேலை கொடுக்கிறவர்களுக்கு இதைவிட வசதி ஏது? கீறின பீடியைக் கழிக்கும் முன்னே ஒரு தடவை மேலே நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த பெட்டிச் செய்தியில் மோருக்கும் குடைக்கும் பக்கத்தில் தளத்துக்கு ஒரு வரி சேர்த்தால் போதும். இந்த வருஷம் எங்கள் தெருவில் நாலு வீட்டில் சுண்ணாம்பு அடித்தாயிற்று. டிரம் இருப்பது ஒன்றுதான், அது இப்போது எதிர்வீட்டில் இருக்கிறது. அடுத்து தனக்குத்தான் என்று ரெண்டு பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள், அதில் ஒருத்தி கண் கூசுகிறது என்று சண்டைக்கு வந்த மாடி வீட்டுக்காரி.

இப்படிக்கு,
பீடி சுற்றும் ஒரு வாசகி,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.